வயலுக்குச் சென்று திரும்பும் நாயின் கண்: கவனிக்க வேண்டியவை



திண்டிவனம், மயிலம், செஞ்சிப் பகுதிகளில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் காட்டுப்பன்றித் தொல்லையும் கூடவே வந்துவிடும். இரவுக் காவலுக்குச் செல்லும் உழவர் பலர் கையில் டார்ச்சு விளக்கும், பின்னால் ஒரு நாயுமாகத்தான் வயலுக்குப் போகின்றனர். பன்றியின் வாடையை நமக்கு முன்பே அறிந்து குரல் கொடுப்பது அந்த நாய்தான். ஆயினும், பசு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடுகின்ற நாம், நாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலையில் படுத்திருந்தால், 'தூசி விழுந்திருக்கும், தானே சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். பல சமயங்களில் சரியாகியும் விடுகிறது. சரியாகாத சமயங்களைப் பற்றியே இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவம் பயின்றவன் அல்லன். உழவியல் துறையில் களைகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன். ஆனால் நாயின் கண்ணில் ஏற்படும் உறுத்தலுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை என் பாடத்தில் வரும் செடிகளும் புற்களுமே. அத்துடன், இந்த விஷயத்தில் தவறு செய்து கற்றுக்கொண்டவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

மயிலம் பக்கத்தில் எங்களுக்குச் சிறிது நிலம் உண்டு. அங்கே காவலுக்கு மணி என்றொரு நாட்டு நாய். ஒரு தை மாதத்தில், வரப்பில் முயலைத் துரத்திவிட்டு வந்த மணி இடது கண்ணைத் திறக்கவே இல்லை. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. என் தந்தையாருக்குக் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் மீதமிருந்தது. 'கண் மருந்துதானே' என்று அதையே மணிக்கும் விட்டேன். மறுநாள் சிவப்பு குறைந்தது. நமக்கும் கொஞ்சம் வைத்தியம் தெரியும் என்று மனத்துக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் கருவிழியின் மேல் நீலமும் வெண்மையும் கலந்த மூட்டம். நடுவில் ஒரு பள்ளம். கால்நடை மருத்துவர் கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, உள்மூலையில் இருந்த சதையைச் சிறு இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். அதற்கடியிலிருந்து ஊசிப்புல்லின் விதை ஒன்று வந்தது. பிறகு, 'என்ன மருந்து விட்டீர்கள்?' என்று கேட்டார். புட்டியைக் காட்டினேன். அதன் மேலிருந்த ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

விதை எப்படி உள்ளே போகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைக்கும் வரப்புப் புல் மார்கழியில் கதிர் விட்டு, தை, மாசியில் காய்ந்து விதை உதிர்க்கும். இப்பருவத்தில் ஊசிப்புல், துடைப்பப்புல், ஒட்டுப்புல் வகைகள், நாயுருவி ஆகியவற்றின் விதைகளே முக்கிய எதிரிகள். நாயுருவியின் காய் பின்னோக்கி மடங்கிய கூரிய செதில்களால் கடந்து செல்லும் நாய், ஆடு, வேட்டி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஊசிப்புல்லின் விதை அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அதன் நுனி ஊசிபோல் கூரியது. நுனியைச் சுற்றியுள்ள விறைத்த மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். விதையின் மறுமுனையில் மீசை போன்று நீண்ட வால் உண்டு. ஈரம் பட்டால் இந்த வாலின் முறுக்கு அவிழும். காய்ந்தால் மீண்டும் முறுக்கும். இவ்வாறு திருகித் திருகி விதை தன்னைத்தானே மண்ணுக்குள் புதைத்துக்கொள்கிறது. பின்னோக்கிய மயிர்கள் இருப்பதால் அது முன்னே போகுமே தவிர, வந்த வழியே திரும்பாது. மண்ணில் புதைவதற்காக அமைந்த இந்த ஏற்பாடு, கண்ணிலும் காதிலும் கால் விரலிடுக்கிலும் அப்படியே வேலை செய்கிறது.

நாய்க்கு மேல் இமை, கீழ் இமை தவிர மூன்றாவது இமை ஒன்றும் உண்டு. கண்ணின் உள்மூலையில் மூக்கை ஒட்டி இளஞ்சிவப்புச் சவ்வாகத் தெரிவது அதுவே. கண்ணில் வலி ஏற்பட்டால் இச்சவ்வு முன்னே வந்து கண்ணைப் பாதி மூடும். 'கண்ணில் சதை வளர்ந்துவிட்டது' என்று பலரும் தவறாக எண்ணுவது இதைத்தான். புல்விதை இச்சவ்வின் பின்புறம் போய் ஒளிந்துகொண்டால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நாய் கண் சிமிட்டும்போதெல்லாம் விதை கருவிழியை உரசும். கருவிழியின் மேலுள்ள பளிங்கு போன்ற படலத்தைக் கார்னியா என்பர். நாய்க்கு அதன் கனம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அரைநாள் உரசினாலே மேற்பரப்பு புண்ணாகிவிடும்.

வேறு காரணங்கள்

களத்து வேலையில் தூசி அதிகம். நெல் தூற்றும்போது பறக்கும் உமித் துண்டு சில சமயம் குழிந்த பக்கம் கண்ணில் படும்படி கருவிழியில் கவிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குக் கண்ணில் பழுப்பு மச்சம் போலவே தெரியும். காய்ந்த கடலைக்கொடியைப் போர் போடும்போது எழும் தூசியில் பூசணமும் கலந்திருக்கும். வானூர் வட்டாரத்தில் கல் உடைக்கும் கிரஷர்களை ஒட்டிய சாலைகளில் பறப்பதோ கல்தூசி. அதன் துகள்கள் கூர்மையானவை. இருசக்கர வாகனத்தின் முன்புறம் நாயை உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். நமக்குக் கண்ணாடியும் தலைக்கவசமும் உண்டு, அதற்கு ஒன்றுமில்லை.

வேலியோரத்துச் செடிகளையும் சொல்லவேண்டும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலுடன் கண் வீங்கி, பார்வையே பாதிக்கப்படலாம். எருக்கம்பாலில் ஏமாற்றம் அதிகம். சில சமயம் வலி அவ்வளவாக இராது, ஆனால் சில மணி நேரத்தில் கருவிழி மூடுபனி படர்ந்ததுபோல் மங்கும். சீமைக் கருவேல் முள் கண்ணில் குத்தி நின்றால் அதை நாமே பிடுங்குதல் கூடாது. முள் அடைத்திருக்கும் துளை திறந்துகொண்டால் கண்ணின் உள்நீர் வெளியேறிவிடும்.

பார்த்தீனியத்தின் கதை வேறு. 1955-ஆம் ஆண்டு புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இக்களையின் மகரந்தம் நம்மில் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குவது தெரிந்ததே. நாய்களிலும் மகரந்த ஒவ்வாமை உள்ளவை இருக்கின்றன. ஒவ்வாமையாயின் பெரும்பாலும் இரண்டு கண்களும் சிவந்து நீர் வடியும். நாய் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும்; பாதங்களை ஓயாமல் நக்கும்; ஆண்டுதோறும் அதே பருவத்தில் வரும். புல்விதையோ முள்ளோ ஆயின் பெரும்பாலும் ஒரே கண், அதுவும் இறுக மூடிய கண். ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று பார்ப்பதுதான் வீட்டில் நாம் செய்யக்கூடிய முதல் சோதனை.

முதலுதவி

நாய் எவ்வளவு பழகியதானாலும் வலி இருக்கும்போது கடிக்கக்கூடும். ஒருவர் நாயை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பார்ப்பது நலம். மூச்சு தடைபடாதவாறு அகலமான துணிப்பட்டையால் வாயைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் தெருநாயாக இருந்தாலோ, தடுப்பூசி போடாத நாயாக இருந்தாலோ, அதன் நடத்தையில் திடீர் மாற்றம், எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல், கீழ்த்தாடை தொங்குதல் ஆகியவை தென்பட்டாலோ கிட்டே நெருங்கவே வேண்டாம். வெறிநோயாக இருக்கலாம். அத்தகைய நாயின் எச்சில் நம் கண்ணிலோ புண்ணிலோ பட்டுவிட்டால், கண்ணாயின் நிறையத் தண்ணீராலும், புண்ணாயின் சோப்பும் தண்ணீரும் கொண்டும் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும்.

கண்ணைக் கழுவ ஏற்றது மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன். அது கைவசம் இல்லையெனில் கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் சமையல் உப்பு, அதாவது தேக்கரண்டியால் தலைதட்டி ஒன்றரைக் கரண்டி, கலந்து கொள்ளலாம். உப்பு கூடினால் எரியும். ஊசி நீக்கிய சிரிஞ்சில் இந்நீரை எடுத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஓடவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சுதல் கூடாது. மிதந்து வரும் தூசியை ஈரத்துணியின் முனையால் இமையோரத்தில் ஒற்றி எடுக்கலாம். பஞ்சு வேண்டாம், அதன் இழையே கண்ணில் தங்கிவிடும். கருவிழியின் மேல் ஒட்டியிருப்பதை விரலாலோ துணியாலோ தேய்க்கவும் கூடாது. கண்ணை அழுத்திப் பார்க்கவும் கூடாது.

பூச்சிமருந்து, களைக்கொல்லி, சுண்ணாம்பு, செடிப்பால் இவற்றில் எது பட்டாலும் உப்பு தேடிக்கொண்டிராமல், கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரை உடனே எடுத்துக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்புக் கட்டி இருந்தால் முதலில் ஈரத்துணியால் எடுத்துவிட்டுக் கழுவவேண்டும். கழுவுபவர் கையுறை அணிவது நலம். பிறகு மருந்துப் புட்டியை, அல்லது அதன் மேல்சீட்டையாவது எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது இடும் ஜிப்சம் சுண்ணாம்பைப் போல் கண்ணை அரிக்காது. ஆனாலும் ஏக்கருக்கு 160 கிலோ தூவும்போது எழும் தூசி உறுத்தவே செய்யும். அன்று ஒரு நாள் நாயை வீட்டில் கட்டி வைத்தால் போதும்.

தூசி மட்டுமே என்றால் கழுவிய சில மணி நேரத்தில் நாய் கண்ணைத் திறந்துவிடும். திறக்காவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது, அல்லது புண் உண்டாகிவிட்டது என்று கொள்ளவேண்டும். அதற்கிடையில் நாய் கண்ணைத் தேய்க்காமல் காப்பது மிக முக்கியம். பழைய பெயிண்டு வாளியின் அடியை வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி சுற்றி, கழுத்துப்பட்டையோடு நான்கு இடத்தில் கயிற்றால் பிணைத்துவிட்டால் நல்ல கழுத்துக் கவசம் ஆகிவிடும். நாய் முதல் நாள் கதவில் எல்லாம் இடித்துக்கொள்ளும். பரிதாபப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள்.

புட்டியில் இருந்த அந்தச் சொல்

மருத்துவர் எனக்குத் தொட்டுக் காட்டிய சொல் 'டெக்சாமெத்தசோன்'. இது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் ஆகியவையும் அதே குடும்பம். அறுவைக்குப் பின் ஏற்படும் அழற்சியைத் தணிக்க இவை மிக நல்ல மருந்துகள்; என் தந்தையாரின் கண்ணுக்கு அது சரியானதே. ஆனால் கருவிழியில் புண் இருக்கும்போது இதே மருந்து நேர் எதிராக வேலை செய்யும். சிவப்பைக் குறைக்கும், அதனால் குணமாவதுபோல் தோன்றும். உள்ளேயோ, புண் மூடுவது தாமதமாகும். கிருமியை எதிர்க்கும் திறன் குறையும். படலத்தை அரிக்கும் பொருள்களின் வேகம் கூடும். கடுமையான கிருமிகள் சேர்ந்துவிட்டால் ஓரிரு நாளிலேயே படலம் கூழாகிக் கண் ஓட்டையாகிவிடக்கூடும். கிருமிக்கொல்லியும் ஸ்டீராய்டும் சேர்ந்த கலவை மருந்துகளும் உண்டு. புட்டியில் முதலில் உள்ள பெயரை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதைப் படிக்காமல் விடுவது இதில்தான்.

புண் உண்டா இல்லையா என்பதை வெறும் கண்ணால் தீர்மானிக்க இயலாது. மருத்துவர் ஃபுளோரசின் என்னும் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையால் கண்ணைத் தொடுவார். புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். இரண்டு நிமிட வேலை, வலியும் இல்லை. இச்சோதனை முடியும்வரை எந்தச் சொட்டு மருந்தும் விடவேண்டாம். திறந்து ஒரு மாதத்துக்கு மேலான கண் மருந்து, யாருடையதாயினும் குப்பைக்குரியது.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். புகையிலைச் சாறு, எலுமிச்சைச் சாறு, உப்பை மென்று உமிழ்தல் ஆகியவை மாட்டுக்கும் கெடுதல், நாய்க்கும் கெடுதல். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுவதால் பெருங்கேடு இல்லையெனினும், அது சவ்வுக்குப் பின்னால் உள்ள விதையை வெளியே கொண்டுவராது; நமக்கு ஒரு நாள் வீணாகும். இந்த ஒரு நாள்தான் கண்ணைக் காப்பாற்றும் நாள்.

எப்போது, எங்கே செல்வது?

கழுவியும் கண் திறக்கவில்லை, கருவிழியில் வெண்மை அல்லது நீல மூட்டம், மஞ்சளோ பச்சையோ ஆன சீழ், கண்ணுக்குள் இரத்தம், இரு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லை, விழி பிதுங்கியிருக்கிறது - இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே செல்லவேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் முதல் இடம். அறுவை தேவைப்படும் நிலையானால், திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில், புதுச்சேரி குரும்பாப்பட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு.

இரு கண்களிலும் சீழ், அத்துடன் காய்ச்சல், இருமல், தீனி மறுத்தல் எனில் அது வயல் தூசியால் வந்ததன்று. குட்டிகளில் டிஸ்டெம்பர் நோய் இவ்வாறு தொடங்கும். உண்ணி மிகுந்த நாய்களில் உண்ணிக் காய்ச்சலும் கண்ணைச் சிவக்கவும் மங்கவும் செய்யும். இவற்றுக்குக் கண்ணைக் கழுவிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

மருத்துவர் தரும் களிம்பைச் சொன்ன வேளைதோறும் இடுங்கள். ஆழமில்லாத புண் பொதுவாக ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறவில்லையெனில் மீண்டும் காட்டவேண்டும். இன்னொரு விதை உள்ளே இருக்கலாம்.

வரப்பைச் செதுக்கும் காலம்

இனி என் பாடத்துக்கு வருகிறேன். வரப்புப் புல்லைப் பெரும்பாலோர் அறுவடைக்கு முன் வழி செய்வதற்காக, காய்ந்த பிறகே அறுக்கின்றனர். அதற்குள் விதை உதிர்ந்துவிடும். கதிர் வெளிவரும் தருணத்தில், மார்கழிக்குள் அறுத்துவிட்டால் மாட்டுக்கு இளம் தீவனமும் ஆயிற்று, விதையும் பிடிக்காது. ஊசிப்புல் மிகுந்த கரட்டு நிலத்தில் ஒரே ஆண்டில் அது ஒழியாது. இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து செய்யவேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கலாம். பயிர் இல்லாத புறம்போக்கு, சாலையோர இடங்களில் மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். இதை வயலுக்குள் தெளித்தால் மண் கெடும். 1980-களில் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட பார்த்தீனிய வண்டு மழைக்காலத்தில் இலைகளைத் தின்பதைப் பார்த்தால் அதன் மீது பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

தை, மாசியில் நாய் வயலிலிருந்து வந்ததும் முகம், காது, விரலிடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். குட்டை மயிருள்ள நாட்டு நாய்க்கு இது ஒரு நிமிட வேலை. பொமரேனியன் போன்ற சடை நாயாயின் முகத்து மயிரைக் கத்தரித்துவிடுவது நலம்.

மணியின் கண் பறிபோகவில்லை. மூன்று வாரம் களிம்பு இட்டு, வாளிக் கவசத்தோடு வைத்திருந்தோம். நடுவில் வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. இப்போது இடப்பக்கமிருந்து நாம் போனால் காலடி ஓசை கேட்ட பிறகே திரும்பிப் பார்க்கிறது. பன்றிக் காவலுக்கு இன்னும் போகிறது. வரப்பில் வலப்பக்கமாகவே நடக்கிறது.